மாஸ்டர் கை

இட்லித் தட்டை வைக்கக் குனிந்த மங்கையர்க்கரசி, தங்கையின் கழுத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். தொண்டைக்குழிக்கு மேலே விரல்கள் பதிந்திருந்தன. ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் கட்டைவிரல். கொசு கடித்தது, சங்கிலி உராய்ந்தது என்று எந்தச் சாக்குக்கும் இடமில்லாத அடையாளம்.

வெண்ணிலாவுக்குத் தை பிறந்தால் கல்யாணம். மாப்பிள்ளை செய்யாறில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். நல்ல பையன் என்று ஊரே சொல்கிறது. ஊர் சொன்னதை நம்பித்தான் அரசியும் ஒரு காலத்தில் ஒருவனுக்குக் கழுத்தை நீட்டினாள். அடி வாங்கி அலுத்துப்போய், ஓர் ஆடி வெள்ளியன்று தாலியைக் கழற்றி அம்மன் உண்டியலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். ஆகவே அவள் புத்தி நேராக அங்கேதான் போயிற்று.

"மாப்பிள்ளை வந்தானாடி? நேத்து ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழியில பார்த்தானா? உண்மையைச் சொல்லு."

"அய்ய, அவரு பாவம்க்கா. போன்லயே பயந்து பயந்துதான் பேசறாரு." வெண்ணிலா கழுத்தைத் தடவிக்கொண்டாள். "தூக்கத்துல நானேதான் பிடிச்சுக்கறேன் போல. முந்தாநாள் மூச்சு முட்டி எழுந்தேன். பார்த்தா என் கை என் கழுத்துல இருக்குது."

"கெட்ட கனவு ஏதாச்சும் வந்துச்சா?"

"கனவெல்லாம் ஒண்ணும் வரல." இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தாள். "கம்பெனி ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கும் இருக்குக்கா. ரஹ்மத் துப்பட்டாவைச் சுத்திக்கிட்டுத்தான் வேலைக்கே வர்றா."

ஒருத்தி கழுத்தில் இருந்தால் அது வீட்டு விஷயம். பல பேர் கழுத்தில் இருந்தால் கம்பெனி விஷயம். கம்பெனியில் பல பேருக்கு ஒரே மாதிரி நடக்கிற எதுவும் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும்.

அரசி அந்தத் தொழிற்சாலையின் தரப்பிரிவுத் தலைவி. காருக்குள் நரம்பு மாதிரி ஓடுகிற வயர்க் கட்டுகளை முந்நூறு பெண்கள் பலகைகள்மேல் பரப்பி, பின்னி, முனைகளைக் கனெக்டரில் செருகி அனுப்புகிற இடம் அது. வெண்ணிலாவும் அந்த முந்நூறில் ஒருத்தி. வேலை நேரத்தில் ஒவ்வொருத்தியின் முன்கையிலும் தோல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். கம்பெனி அதற்கு 'ஒருமை' என்று வாயினிக்கப் பெயர் வைத்தது. பெண்கள் பட்டை என்றே சொன்னார்கள்.

விஷயம் ஒன்றும் கடினமில்லை. முந்நூறு பேரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் முந்நூறு விதமாகச் செய்வார்கள். ஒருத்தி அவசரமாகச் செருகுவாள், ஒருத்தி அளவுக்கு மேல் அழுத்துவாள், இன்னொருத்தி வீட்டில் காய்ச்சலாகக் கிடக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டு பாதியில் விட்டுவிடுவாள். குறைகள் பிறப்பது இந்த வித்தியாசத்தில்தான் என்பது தரம் படித்தவர்களுக்கு முதல் பாடம். அதனால் எல்லாரிலும் சீராக வேலை செய்கிற ஒருத்தியைத் தேடிப் பிடித்தார்கள். அவள் கை போகிற வழியிலேயே மற்றக் கைகளையும் பட்டை மெல்ல இழுத்தது. சின்னச் சின்ன மின்துடிப்பு, வலிக்காது. அந்த ஒருத்தியின் கைக்கு மாஸ்டர் கை என்று பெயர். அவள் பவுனுத்தாய். தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள். அவளைத் தேர்ந்தெடுத்தது அரசி.

அரசியும் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் பட்டையைக் கட்டிக்கொண்டு பலகை முன்னால் நிற்பாள். தான் கட்டிக்கொள்ளாததை அடுத்தவள் கையில் கட்டக்கூடாது என்பது அவள் கொள்கை. நல்ல கொள்கைதான், அதற்கு என்ன குறைச்சல். இந்த ஒரு மாதமாகத்தான் தணிக்கை வேலைகளில் அது தவறிப்போயிருந்தது.

அன்று போனதும் முதல் வேலையாக, கைக்குக் கை எவ்வளவு வித்தியாசம் என்று காட்டும் தரச் சார்ட்டைத் திறந்தாள். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. இரண்டுக்கும் நடுவே எறும்புச் சாரை மாதிரி பச்சைப் புள்ளிகள். பட்டை வந்த நாளிலிருந்து ஒரு புள்ளி கோட்டைத் தாண்டியதில்லை. இதைப் பார்த்தால் வழக்கமாக அவளுக்கு மனம் நிறையும். அன்று நிறையவில்லை. கீழே கூடத்துக்கு இறங்கிப் போனாள்.

பவுனுத்தாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பலகை முடிந்ததும் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். புருஷன் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். ராத்திரி பகல் பார்க்காமல் ரோட்டில் கிடக்கிறவன். அவளுக்கு அது ஒரு வேண்டுதல். பட்டையை அமைத்தபோது இது வீண் அசைவு என்று அரசி அதை வெட்டி எறிந்தாள். உடனே குறைகள் ஏறின. திரும்பச் சேர்த்ததும் இறங்கின. அந்த இடைவெளியில் விரல் இளைப்பாறுகிறதோ என்னவோ, யாருக்கும் காரணம் தெரியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றிலிருந்து பலகை முடிந்ததும் முந்நூறு கைகள் மார்புக்குப் போய், ஒன்றைப் பிடித்து, கண்ணில் ஒற்றித் திரும்பின. கல்யாணமாகாத பெண்களுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை; வெறும் விரலை ஒற்றிக்கொண்டார்கள். ஆரம்பத்தில் ஒரே கேலி. எனக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சுடி, பெயர் பட்டை என்பாள் ஒருத்தி. வாப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரிப்பார் என்பாள் ரஹ்மத்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அரசி தூண் ஓரமாக நின்று பார்த்தாள். பலகை முடிந்தது. கைகள் மார்புக்குப் போயின. அங்கே நிற்கவில்லை. காறையெலும்பைத் தடவின, கழுத்துக்கு ஏறின, தொண்டையைச் சுற்றி வளைத்து அழுத்தித் துழாவின. பிறகு வெறும் விரல்கள் கண்ணுக்குப் போய் இறங்கின. முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தினால் ஒரு கூடம் எப்படி இருக்கும் என்று அரசிக்கு அன்றுதான் தெரிந்தது.

டீ நேரத்தில் பவுனுத்தாயைக் கேன்டீன் மூலைக்கு அழைத்துப் போனாள். பவுனுத்தாயின் நெற்றி வெறுமையாக இருந்தது. அப்போதுதான் அரசிக்கு உறைத்தது. போன மாதம் லீவு எடுத்தாள், நெல்லூர் ரோட்டில் லாரி கவிழ்ந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். துக்கம் விசாரித்து அரசி ஒரு வார்த்தை பேசியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"வேணும்னு செய்யலை மேடம்," என்றாள் பவுனுத்தாய். கேட்பதற்கு முன்பே அவள் அழத் தொடங்கியிருந்தாள். "பதினாறாம் நாள் கழட்டிட்டாக. அதுக்கு அடுத்த வாரமே வந்துட்டேன், ரெண்டு பிள்ளைக இருக்குல்ல. பட்டை கையைத் தூக்கிக்கிட்டு நெஞ்சுக்குப் போகுது. அங்க ஒண்ணுமில்லை. எனக்குத் தெரியுது, கைக்குத் தெரியலை மேடம். அது தேடுது. நெஞ்சுல இல்லைன்னா மேல இருக்குமோன்னு கழுத்துல போய்த் தேடுது."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே பவுனு."

"என்னன்னு சொல்ல? செத்தவன் கட்டின தாலியைக் கம்பெனிப் பட்டை தேடுதுன்னா? பைத்தியம் முத்திருச்சுன்னு அனுப்பிருவீக."

அப்படித்தான் அனுப்பியிருப்பார்கள்.

சாயங்காலம் வெண்ணிலாவோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். பட்டைகளையெல்லாம் கழற்றிச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் பெண்கள் வெளியே வருவார்கள். பஸ்ஸில் யார் கையிலும் ஒன்றும் கிடையாது. வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. நெடுஞ்சாலை வருவதற்குள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். வெண்ணிலா அக்காவின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

முதலில் முன்சீட்டுப் பெண்ணின் கை எழுந்தது. இல்லை, முன்சீட்டை முதலில் பார்த்தாள், அவ்வளவுதான். எல்லாக் கைகளும் ஒன்றாகவே எழுந்தன. தூங்குகிற பெண்கள் தூங்கியபடி மார்பைத் தடவி, கழுத்தைத் தடவி, பிடித்து அழுத்தினார்கள். வெண்ணிலாவின் தொண்டையிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அரசி அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இந்த ஒல்லிப் பெண்ணுக்கு இவ்வளவு பலமா என்று திகைத்துப்போனாள். கன்னத்தில் ஓங்கி அறைந்ததும் வெண்ணிலா கண் விழித்தாள். மற்றக் கைகள் கண்ணில் ஒற்றிவிட்டுத் தாமாகவே மடிக்குத் திரும்பின.

"ஏன்க்கா அடிச்சே?"

அரசி தங்கையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை. கை கற்றுக்கொண்டுவிட்டது, இனிமேல் பட்டை எதற்கு என்று அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நீச்சலும் சைக்கிளும் கற்ற உடம்பு மறக்குமா என்ன.

மறுநாள் காலை ஆலைத் தலைவர் குணாளன் முன்னால் போய் நின்றாள். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. கீழ்மட்டத்திலிருந்து படிப்படியாக ஏறி வந்தவர், எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

"சார், லைனை நிறுத்தணும்."

"சார்ட் என்ன சொல்லுது அரசி?"

"எல்லாம் பச்சை சார். அதான் எனக்குப் பயமா இருக்கு. சார்ட் என்ன பார்க்குது? ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் வித்தியாசம் இருக்கான்னு பார்க்குது. முந்நூறு பேரும் சேர்ந்து கிணத்துல குதிச்சா அதுக்கு அது சீரான வேலை. மாஸ்டர் கை, அந்தப் பவுனுத்தாய் கை, இல்லாத தாலியைத் தேடிக் கழுத்துக்குப் போகுது. பட்டை அதையே சரின்னு கத்துக்கிட்டு எல்லாரையும் இழுக்குது, அவளையும் சேர்த்து இழுக்குது. அவ இன்னும் கொஞ்சம் கூடத் தேடறா. பட்டை அதையும் கத்துக்குது. நாய் வாலைத் துரத்தற கதை சார். வாரா வாரம் பிடி இறுகிக்கிட்டே வருது."

குணாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களே எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான். குறைன்னா என்ன? வாடிக்கையாளர் குறைன்னு சொல்றதுதான் குறை. போன மாசம் ஒரு கனெக்டர் தப்பாப் போச்சா? பொண்ணுங்க கழுத்து சிவந்திருக்குன்னு எந்தக் கார்க்காரன் சரக்கைத் திருப்பி அனுப்பினான்?"

"சார், ஒரு பொண்ணு செத்துப்போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி, மாஸ்டரை மாத்திடுங்க. பவுனுத்தாய்க்கு அடுத்து சீரான கை யாரோடது?"

அது அரசிக்குத் தெரியும். அதனால்தான் நேற்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "என் தங்கச்சி, வெண்ணிலா."

"நல்லதாப் போச்சு. வீட்டுப் பொண்ணு."

"அவ கையும் கழுத்துக்குத்தான் சார் போகுது. இனிமே யாரை மாஸ்டரா வெச்சாலும் அது பவுனுத்தாய்தான். பட்டையை நிறுத்தினாலும் நிக்காது. நேத்து பஸ்ல என் கண்ணால பார்த்தேன்."

"அப்ப என்னதான் பண்ணலாம்கறீங்க?"

"போன வழியிலேயே திருப்பிக் கூட்டிட்டு வரணும். மாஸ்டர் கை தேடறதை நிறுத்தினா மத்தக் கையும் நிறுத்தும்."

"எப்படியோ பண்ணுங்க," என்றார் குணாளன். "லைன் மட்டும் நிக்கக்கூடாது."

தேடுகிற கை எப்போது நிற்கும்? தேடியது கிடைத்தால் நிற்கும். இதற்குப் படிப்பு வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஆனால் அதைச் செய்வதற்கு நெஞ்சு கல்லாக வேண்டும். அரசி பூஜைக் கடையில் ஒரு மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கினாள். கடைக்காரர், வீட்டில் விசேஷமா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

பவுனுத்தாய் கயிற்றைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

"கழட்டினதை மறுபடியும் கட்டச் சொல்றீகளா மேடம்?"

"தாலின்னு நெனைக்காத பவுனு. கைக்கு ஒரு பிடி, அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிஞ்சதும் கழட்டிடு."

"எங்க மாமியாளுக்குத் தெரிஞ்சா என்னைய ஊருக்குள்ளயே விடாது."

அரசி கெஞ்சவில்லை. கெஞ்ச அவளுக்கு உரிமை இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ரஹ்மத்தைக் கூப்பிட்டு, துப்பட்டாவை எடுக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணின் கழுத்தில் பழைய அடையாளம் கன்றிப்போய் நீலமாகியிருந்தது, அதற்குமேல் புதிது சிவப்பாக ஏறியிருந்தது. பவுனுத்தாய் அதைத் தொட்டுப் பார்த்தாள். அது தன் விரல்களின் அளவு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஊர்ல ஒரு தடவைதான் அறுத்தாக," என்றாள். "இந்தப் பட்டை என்னைய ஒவ்வொரு பலகைக்கும் அறுக்குது. கட்டுங்க மேடம்."

உண்டியலில் தாலியைப் போட்டுவிட்டு வந்த கையாலேயே அரசி கயிற்றைக் கட்டினாள். எத்தனை முடிச்சு என்று எண்ணவில்லை.

முதல் பலகை முடிந்தது. பவுனுத்தாயின் கை மார்புக்குப் போனது, மஞ்சளைப் பிடித்தது, கண்ணில் ஒற்றியது, இறங்கியது. கழுத்துக்கு ஏறவில்லை. அவள் கன்னம் நனைந்திருந்தது. ஆனால் கை நிம்மதியாக அடுத்த வயரை எடுத்தது. நாள் போகப் போகப் பட்டை அதைக் கற்றது. பட்டை கற்றதை மற்றக் கைகள் கற்றன. பிடி தளர்ந்தது. அந்த வாரக் கடைசியில் வெண்ணிலா விடிய விடிய அசையாமல் தூங்கினாள். அவள் கழுத்து வெளுத்து, பழைய நிறத்துக்கு வந்தது. கல்யாணப் புடவை எடுக்க ஆரணிக்குப் போனார்கள், மாப்பிள்ளை வீட்டார் எதிரில் அவள் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அரசிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அப்போதுதான் சார்ட் சிவந்தது.

பட்டை வந்த பிறகு முதல் முறையாகப் புள்ளிகள் கோட்டைத் தாண்டின. குணாளன் போனில் கூப்பிட்டார். அரசி அப்போது சந்தோஷமாக இருந்தாள், அதுதான் வினை. பெண்களின் கழுத்து ஆறிவிட்டது, இனிப் பயமில்லை என்றாள். நல்லது, நல்லது என்றார் அவர். "சார்ட் ஏன் சிவப்பா இருக்குன்னு காரணம் கண்டுபிடிச்சீங்களா?"

காரணம் என்ன என்று யாராவது கேட்டால் அரசிக்கு வாய் சும்மா இருக்காது. இத்தனை வருஷத் தொழில் அவளை அப்படிப் பழக்கியிருந்தது. பலகை முடியும்போது மாஸ்டர் கை ஒரு கயிற்றைப் பிடிக்கிறது. கல்யாணமாகாத பெண்களின் கைகள் வெறும் காற்றைப் பிடிக்கின்றன. விரல் மூடுவதில் ஒரு கயிற்றின் கனம் வித்தியாசம். எல்லாக் கைகளும் வெறும் கழுத்தைப் பிடித்த வாரங்களில் தன் கோடுகளை நெருக்கிக்கொண்ட சார்ட், முன்பு பொறுத்துக்கொண்ட அந்த வித்தியாசத்தை இப்போது பார்த்துவிட்டது.

"மாஸ்டருக்குக் கயிறு இருக்கு சார், நிறையப் பேருக்கு இல்லை," என்றாள். "அந்த வித்தியாசம்தான், வேற ஒண்ணுமில்லை."

"பிரமாதம்," என்றார் குணாளன். போனை வைத்துவிட்டார்.

என்ன சொன்னோம் என்று ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

மறுநாள் அரசி வேறோர் ஆலைக்குத் தணிக்கைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தபோது வெண்ணிலா விளக்குப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் துப்பட்டா சுற்றியிருந்தது. அரசிக்குப் பை கையிலிருந்து நழுவியது.

"திரும்பவும் வந்துடுச்சா? காட்டு."

வெண்ணிலா துப்பட்டாவை எடுத்தாள். காயம் இல்லை, அடையாளம் இல்லை. புது மஞ்சள் கயிறு ஒன்று கழுத்தில் கிடந்தது. நடுவில் ஒரு விரலி மஞ்சள். மஞ்சளின் தலையில் கம்பெனி முத்திரை.

"கேட்லயே எல்லாருக்கும் குடுத்தாங்க. கட்டினாத்தான் உள்ளேன்னுட்டாங்க. ரஹ்மத் முடியாதுன்னு அழுதா. அவளுக்கு ரெண்டு பேர் பிடிச்சுக் கட்டிவிட்டாங்க." குரல் தட்டையாக இருந்தது. "சாயங்காலம் சார்ட் பச்சையாயிடுச்சாம். எல்லாருக்கும் மைசூர்பாகு குடுத்தாங்க."

"கழட்டிப் போடுடி அந்தக் கருமத்தை."

"பார்த்தேன்க்கா. வந்ததுலேருந்து அதுதான் பண்ணிக்கிட்டிருக்கேன். கை போகுது. பிடிக்குது. கண்ணுல ஒத்திக்குது. முடிச்சுக்கிட்ட மட்டும் போகமாட்டேங்குது." வெண்ணிலா அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு கட்டறதுக்கு முன்னாடி கம்பெனி கட்டிடுச்சுக்கா. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி மணையில உக்காருவேன்?"

"பைத்தியக்காரி, இதுக்கா அழறே? இப்படி வா, நான் அவுக்கறேன்."

வெண்ணிலா நம்பிக்கையோடு வந்து எதிரில் மண்டியிட்டுக் கழுத்தை நீட்டினாள். முடிச்சு பின்கழுத்தில் இருந்தது. அரசி கையை அங்கேதான் கொண்டுபோனாள். வாரம் ஒரு ஷிஃப்ட் பட்டை கட்டிய அந்தக் கை பாதியில் நின்றது. மஞ்சளைத் தொட்டது, இரண்டு விரல்களால் பிடித்தது, மேலே தூக்கியது. கயிறு தங்கையின் தொண்டையில் இறுகியது. அரசி குனிந்து அதைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"அக்கா, வலிக்குது, விடு," என்றாள் வெண்ணிலா.

அரசி விடத்தான் பார்த்தாள்.